பாரம் இறங்கிய பிறகும் நடக்கும் புத்தகம்

1723ஆம் ஆண்டு. பதினேழு வயதுப் பையன் ஒருவன் வேலை தேடி நியூயார்க்கிலிருந்து படகேறினான். வழியில் புயற்காற்று பாயைக் கிழித்தது. குடிபோதையில் இருந்த டச்சுக்காரர் ஒருவர் தண்ணீரில் விழுந்தார். பையன் குனிந்து அவருடைய தலைமுடியைப் பற்றி இழுத்துப் படகுக்குள் போட்டான். தண்ணீரில் முழுகியதில் போதை சற்றே தெளிந்த அந்த மனிதர், பையிலிருந்து நனைந்த புத்தகம் ஒன்றை எடுத்தார். அதைக் காயவைத்துத் தரும்படி கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். பையனின் பெயர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். புத்தகம், ஜான் பன்யன் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’. டச்சு மொழியில், நல்ல தாளில், செப்புத்தகட்டுப் படங்களோடு அச்சானது. சிறுவயதிலிருந்தே தனக்குப் பிடித்த அந்த நூலை அதன் தாய்மொழியில்கூட இவ்வளவு நேர்த்தியாகப் பார்த்ததில்லை என்று ஃபிராங்க்ளின் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அப்போது அந்தப் புத்தகத்துக்கு வயது நாற்பத்தைந்து. எழுதியவர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் அல்லர். ஓட்டை விழுந்த பாத்திரங்களை அடைத்துப் பிழைத்தவர். அந்த மனிதரின் எழுத்து ஒரு குடிகாரரின் பையில் கடல்மேல் பயணம் செய்ததை நான் தற்செயலாக நினைக்கவில்லை. அது தேவாலயப் பீடத்தில் வைப்பதற்காக எழுதப்பட்டது அல்ல. விழுகிறவர்களின் பையில் இருக்கவேண்டும் என்றே எழுதப்பட்டது.

பன்யன் பிறந்தது 1628இல், இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ கிராமத்தில். தகப்பனாருக்கும் பாத்திரம் அடைக்கும் தொழில்தான். உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் சில காலம் இருந்தார். முதல் திருமணம் நடந்தபோது வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கூட ஒழுங்காக இல்லை. மனைவி கொண்டுவந்த சீர் இரண்டே பக்திநூல்கள். அவற்றைப் படித்து அவர் ஒழுக்கமானவரானார். ஆட்டபாட்டத்தை விட்டார், கோயிலுக்குத் தவறாமல் போனார், அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். அதுவே போதும் என்று நினைத்திருந்தபோதுதான் பெட்ஃபோர்டு தெரு ஒன்றில், வாசலில் வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்க நேர்ந்தது. தங்கள் உள்ளத்தில் தேவன் செய்த வேலையைப் பற்றி, மறுபிறப்பைப் பற்றி அவர்கள் பேசினார்கள். தாம் இதுவரை தொட்டேயிராத ஒன்றை இந்தப் பெண்கள் தங்கள் வீட்டுப் பொருளைப்போலக் கையாளுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஒழுக்கம் வேறு, இரட்சிப்பு வேறு என்பதை அவருக்கு முதலில் உணர்த்தியவர்கள் அவர்களே. சபை வரலாற்றில் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

அதன்பிறகு சில ஆண்டுகள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தான் மன்னிக்கப்படவே முடியாத பாவி என்ற எண்ணம் இரவும் பகலும் அவரைத் துரத்தியது. பெட்ஃபோர்டு சபையின் போதகர் ஜான் கிஃபோர்டு துணைநின்றார். கலாத்தியர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய விளக்கவுரையின் பழம்பிரதி ஒன்று கையில் கிடைத்தது. தொட்டால் உதிர்ந்துவிடும் நிலையில் இருந்த அந்தப் பிரதியில் தன் மனநிலையையே யாரோ எழுதிவைத்திருப்பதைக் கண்டார். மனிதன் நீதிமானாவது தன் செய்கையால் அல்ல, கிறிஸ்துவின் நீதியால். அது பரலோகத்தில் பத்திரமாக இருக்கிறது, தன் மனம் ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. இந்தத் தெளிவு வந்தபின் அவர் பிரசங்கிக்கத் தொடங்கினார்.

1660இல் முடியாட்சி திரும்பியதும், அரசு அங்கீகரிக்காத கூட்டங்களில் பிரசங்கிப்பது குற்றமானது. நவம்பர் 12ஆம் தேதி ஒரு பண்ணைவீட்டில் கூட்டம் நடத்த வந்தவரைப் பிடித்தார்கள். பிடியாணை வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருந்தும் அவர் தப்பியோடவில்லை. தான் ஓடினால் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் தளர்ந்துபோவார்கள் என்று நினைத்தார். தண்டனை மூன்று மாதம். அதற்குப் பிறகும் பிரசங்கத்தை விடவில்லையென்றால் நாடுகடத்தல். இனிப் பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது.

வெளியே அவருடைய குடும்பம். முதல் மனைவி இறந்துவிட்டிருந்தார். அவர் விட்டுச்சென்ற நான்கு பிள்ளைகளில் மூத்தவள் மேரிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இரண்டாம் மனைவி எலிசபெத் இளம்பெண். கைதான அதிர்ச்சியில் அவருக்குக் குறைப்பிரசவமாகிக் குழந்தை இறந்தது. 1661 ஆகஸ்டில் அந்தப் பெண் தனியாக நீதிபதிகள் முன் போய் நின்றார். தங்களால் எதுவும் செய்துகொள்ள இயலாத நான்கு சிறுபிள்ளைகள், நல்லவர்கள் தரும் உதவியில்தான் சாப்பாடு என்று எடுத்துச்சொன்னார். நீதிபதிகளில் ஒருவரான மேத்யூ ஹேல் இரங்கினார், ஆனால் விடுதலை கிடைக்கவில்லை. உங்கள் கணவர் பிரசங்கத்தை விடுவாரா என்று கேட்டபோது, வாய் இருக்கும்வரை விடமாட்டார் என்ற பொருளில்தான் எலிசபெத்தும் பதில் சொன்னார். சீஷத்துவத்தைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு பதிலுக்கு அவை ஈடாகவில்லை.

சிறைக்குள் பன்யன் காலணிக் கயிறுகளுக்கு உலோக முனை பூட்டி விற்றுக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பினார். பார்வையில்லாத மகளின் நினைவுதான் தன்னை அதிகம் உலுக்கியது என்று எழுதியிருக்கிறார். கூட இருந்த கைதிகளுக்குப் பிரசங்கித்தார். எழுதினார். வேறொரு நூலை எழுதிக்கொண்டிருந்தபோது, பரலோகத்துக்குப் போகும் வழியைப் பயணமாகக் காட்டும் கற்பனை குறுக்கே வந்தது. ஒரு பொறி இருபதாகி, இருபது நாற்பதாகி, எடுத்த நூலையே விழுங்கிவிடும்போல் ஆனதால் அதைத் தனியே வைத்து எழுதினார். 1672இல் விடுதலை, பெட்ஃபோர்டு சபை அவரைப் போதகராக்கியது. சில ஆண்டுகளில் மீண்டும் சில மாதச் சிறை. கைப்பிரதியை நண்பர்களிடம் காட்டியபோது சிலர் அச்சிடு என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். தெய்வ காரியத்தைக் கதையாகச் சொல்வதா என்பது அவர்களுடைய தயக்கம். 1678இல் லண்டனில் நதானியேல் பாண்டர் அச்சிட்டு வெளியிட்டார். விலை ஒன்றரை ஷில்லிங்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாசபுரியில் கந்தலுடுத்திய கிறிஸ்தியான் என்னும் ஒருவன், முதுகில் பாரம், கையில் ஒரு புத்தகம். நகரம் அழியப்போகிறது என்று அந்தப் புத்தகத்தில் படித்து நடுங்குகிறான். சுவிசேஷகர் ஒருவர் இடுக்கமான வாசலுக்குப் போகச் சொல்கிறார். சேற்றில் விழுந்து எழுகிறான். நடுவே உலக ஞானமுள்ள ஒரு பெரியமனிதர், இவ்வளவு பாடு எதற்கு, அடுத்த ஊரில் ஒழுக்கத்தைக் கொண்டே பாரத்தை இறக்கிவிடுகிற ஒருவர் இருக்கிறார் என்று வழிதிருப்பிவிடுகிறார். அந்த வழியில் மலை தலைமேல் விழுவதுபோல நெருக்குகிறது, பாரம் இன்னும் கனக்கிறது. பன்யன் எல்ஸ்டோவில் ஒழுக்கசீலராக இருந்த காலமே இது.

பிறகு சிலுவை. கிறிஸ்தியான் அதன்முன் வந்து நிற்கிறான். பாரத்தின் கட்டு தானாக அவிழ்கிறது. உருண்டுபோய்க் கீழே திறந்திருந்த கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் எதையும் அவிழ்க்கவில்லை, எதையும் தள்ளவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். கிருபையினாலே இரட்சிப்பு என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை இதைவிடச் சுருக்கமாகக் காட்சியாக்கியவர் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஒளியுடை தரித்த மூவர் வந்து மன்னிப்பை அறிவிக்கிறார்கள், கந்தலைக் களைந்து புதுவஸ்திரம் உடுத்துகிறார்கள், நெற்றியில் அடையாளம் இட்டு முத்திரையிட்ட ஒரு சுருளைக் கையில் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் நடப்பது முதல் பாகத்தின் ஏறக்குறைய கால்பங்கு தூரத்திலேயே. மீதி முக்கால்பங்கு நடை. எனக்கு இந்தப் புத்தகம் கற்றுத்தந்த மிகப்பெரிய காரியம் இதன் எந்த வரியிலும் இல்லை, இந்த அளவில்தான் இருக்கிறது. நம்முடைய கூட்டங்களில் பாரம் இறங்குவதோடு பாட்டுப் பாடி ஜெபித்து அனுப்பிவிடுகிறார்கள். கையைத் தூக்கினாயா, இரட்சிக்கப்பட்டாய், போய் ஆசீர்வாதமாக இரு. பன்யன் அங்கே புத்தகத்தை மூடவில்லை. சிலுவைக்குப் பிறகு சற்று தூரத்திலேயே கடினமலை வருகிறது. பாதிமலையில் இளைப்பாறுவதற்கென்று ஒரு பந்தல். அங்கே கிறிஸ்தியான் தூங்கிப்போகிறான். கையிலிருந்த சுருள் நழுவி விழுகிறது. வெகுதூரம் ஏறிய பின்னரே அது காணாமல்போனது தெரிகிறது. அழுதுகொண்டே திரும்பி வந்து தேடி எடுக்கிறான். ஒருமுறை நடந்திருக்கவேண்டிய வழியை மூன்றுமுறை நடக்கிறான். பாரம் மட்டும் திரும்ப முதுகில் ஏறவில்லை. சுருள் தொலைந்தது அவனுடைய நிச்சயம் தொலைந்தது, இரட்சிப்பு தொலையவில்லை. விசுவாசிகள் வாழ்நாளெல்லாம் குழம்புகிற இடத்தில் பன்யன் ஒரு தூக்கத்தை வைத்து வெளிச்சம் காட்டிவிட்டுப் போகிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவ்வளவு நடந்ததால்தான் அவன் மோட்சம் போனான் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாசலையும் பன்யன் அடைத்துவிட்டார். வாசல்வழியே வராமல் சுவரேறிக் குதித்த இரண்டுபேர் இதே பாதையில்தான் நடக்கிறார்கள். மலையைக் கண்டதும் ஆளுக்கொரு பக்கமாகப் போய் அழிகிறார்கள். அறியாமை என்னும் வாலிபன் கடைசி ஆற்றையும் எளிதாகக் கடந்துவிடுகிறான், பரம நகரத்தின் கதவுவரை வருகிறான். சுருள் எங்கே என்று கேட்கிறார்கள். இல்லை. அந்தக் கதவின் பக்கத்திலிருந்தே நரகத்துக்கும் ஒரு வழி இருந்தது என்று எழுதிவிட்டுப் பன்யன் விழித்துக்கொள்கிறார். சிலுவையில்லாத நடை எவ்வளவு தூரம் போனாலும் வீண். நடையில்லாத சிலுவைப் பக்தி அவருடைய கதைக்குள் வரவே முடியாது. கிறிஸ்துவின் பின்னே வர விரும்புகிறவன் தன் சிலுவையை அனுதினமும் எடுக்கவேண்டும் என்பதில் லூக்கா எழுதிவைத்த அந்த ‘அனுதினமும்’ இந்த நூலில் பக்கம் பக்கமாக விரிகிறது.

மாயாபுரிச் சந்தையைப் பற்றி நிறையப்பேர் எழுதிவிட்டார்கள். அங்கே உத்தமன் என்னும் துணைவன் விசாரிக்கப்பட்டு எரிக்கப்படுகிறான். அந்த நீதிமன்றத்தை எழுதியவர் உண்மையான நீதிமன்றத்தில் நின்றவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துப் படிக்கவேண்டும். சந்தேகக் கோட்டையின் இருட்டறையும் அப்படியே. விரக்தி என்னும் அரக்கன் கிறிஸ்தியானையும் அவன் தோழனையும் புதன்கிழமை முதல் சனிக்கிழமைவரை அடைத்து வைத்து அடிக்கிறான், தற்கொலை செய்துகொள்ளுங்கள் என்று ஆலோசனை சொல்கிறான். சனிக்கிழமை நள்ளிரவிலிருந்து ஜெபித்து விடியும் நேரத்தில், வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மார்பிலேயே இத்தனை நாளும் இருந்தது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. இதை எழுதியவருக்கு இருட்டறை தெரியும், அடைத்த கதவு தெரியும்.

இங்கிலாந்தில் புத்தகம் ஓடிய ஓட்டத்தை அச்சிட்டவரே எதிர்பார்த்திருக்கமாட்டார். பன்யன் உயிரோடிருந்தபோதே பதினொரு பதிப்புகள். 1681இல் அமெரிக்காவின் பாஸ்டனில் அச்சானது. 1682இல் டச்சு, 1685இல் பிரெஞ்சு. 1692க்குள் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 1,00,000 பிரதிகள் போயிருந்ததாக அவருடைய நண்பர் சார்லஸ் டோ எழுதிவைத்தார். பெரும்பாலும் மலிவான தாள், வேலைக்காரர்களும் நெசவாளிகளும் கையில் வைத்துத் தேய்த்த பிரதிகள். படித்தவர்கள் வெகுகாலம் இதை மதிக்கவில்லை. பன்யன் 1688இல் இறந்தார். பிணங்கியிருந்த ஒரு தகப்பனையும் மகனையும் சமாதானம் செய்யக் குதிரையில் ரெடிங் போய்விட்டு, மழையில் நனைந்தபடி லண்டன் வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. அதுவே கடைசி.

அவருக்குப் பிறகு புத்தகம் இன்னும் தூரம் போனது. மடகாஸ்கர் தீவில் 1830களில் மலகாசி மொழிக்கு வந்தது. அப்போது அரசி முதலாம் ரணவலோனா கிறிஸ்தவத்தைத் தடைசெய்திருந்தார். 1837இல் ரசலாமா என்னும் பெண் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தத் தீவின் முதல் இரத்தசாட்சி அவர். மறைவாகக் கூடிய விசுவாசிகள் வேதாகமப் பகுதிகளோடு இந்தக் கதையையும் கையால் எழுதிப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டார்கள். பெட்ஃபோர்டில் ஒரு கைதி எழுதியதை, பிடிபட்டால் உயிர் போகும் என்ற நிலையில் இருந்தவர்கள் வரிவரியாக மறுபடி எழுதினார்கள். அவர்களுக்கு மாயாபுரியை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1860களில் தியோ சோகா முதல் பாகத்தைக் கோசா மொழியில் தந்தார். அந்நாட்டுக் கறுப்பினத்தவரில் குருப்பட்டம் பெற்ற முதல் போதகர் அவர்.

தமிழுக்கும் இது உரைநடையாக வந்துவிட்டது. திருநெல்வேலி மிஷன் ஊர்களில் சாமுவேல் பவுல் ஐயரின் மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. ஆனால் உரைநடையோடு அது நிற்கவில்லை; வேறெங்கும் இந்தப் புத்தகத்துக்கு நேராத ஒன்று திருநெல்வேலிச் சீமையில் நேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ணபிள்ளை 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் கம்பராமாயணம் ஒலித்தது. தமிழ்ப் புலமையால் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. வேலை கொடுத்தவர்களின் மதத்தில் அவருக்கு அப்போது விருப்பம் இல்லை. நண்பர் தனுக்கோடி ராஜு கிறிஸ்தவரானது அவரை யோசிக்கவைத்தது. 1858இல், தன் முப்பத்தோராம் வயதில், சொந்த ஊரில் அல்லாமல் சென்னை மயிலாப்பூருக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார். அந்தத் தூரத்துக்குக் காரணம் உறவுகள் என்பதை நெல்லைக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. தன் வீட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கிறிஸ்தியானை அவர் வெறும் உருவகமாகப் படித்திருக்க முடியாது.

பிறகு அவர் பன்யனை மொழிபெயர்க்கவில்லை. தமிழ்க் காப்பியமாகப் படைத்தார். நற்போதகம் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலான ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஐந்து பருவங்களையும் 3,700க்கும் மேற்பட்ட பாடல்களையும் கொண்டது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள். கம்பனிடம் கற்ற விருத்த நடை. இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே உருகும் இசைப்பாக்கள். பெட்ஃபோர்டின் சேறும் மலையும் நாட்டுப்படலம், நகரப்படலம் என்னும் மரபுக்குள் வந்து அமர்ந்தன.

அவர் செய்த மிகப்பெரிய மாற்றம் குமார பருவத்தில் இருக்கிறது. பன்யனின் கதையில் சிலுவை ஒரு பக்கம்கூட இல்லை. அவருடைய வாசகர்களுக்குச் சுவிசேஷக் கதை தெரியும். சிலுவை என்றால் போதும். கிருஷ்ணபிள்ளையின் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. அதனால் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளை முழுக்கப் பாடினார். பிடிபட்டது, விசாரணை, அவமானம், வாய்திறவாமல் நின்ற பொறுமை, கொலைக்களம். பாரம் ஏன் விழுகிறது என்று கேட்கும் தமிழ் வாசகனுக்கு, விழவைத்தவரின் கதையையே எடுத்து வைத்தார். என் அபிப்பிராயத்தில், இந்த இடத்தில் கிருஷ்ணபிள்ளை பன்யனைவிட ஆழமாகப் போயிருக்கிறார். இரட்சிப்பைப் பாரம் இறங்கிய நிம்மதியாக மட்டும் சொன்னால், அதை இறக்கியவர் யார் என்பது பின்னுக்குப் போய்விடும். கிருஷ்ணபிள்ளையைப் படித்துவிட்டு வருகிறவனுக்கு, பின்னால் வரும் மலையும் கோட்டையும் ஒருவரைப் பின்பற்றி நடக்கும் நடையாகவே தெரியும்.

பள்ளிப் பாடநூலில் இந்தப் படலத்தின் சில பாடல்கள் இடம்பெற்றிருக்கின்றன. மாணவர்கள் அருஞ்சொற்பொருள் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். சபைகளில் முழுநூலையும் வாசித்தவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. செய்யுள் கடினம் என்கிறார்கள். கடினம்தான். ஒரு படலத்தைப் பொருள் சொல்லி வாசிக்க ஓய்வுநாள் பள்ளியில் ஒரு மணிநேரம் போதும். உபவாசக் கூட்டங்களுக்குக் கிடைக்கிற நேரம் இதற்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

கிருஷ்ணபிள்ளை எடுத்துக்கொண்டது முதல் பாகத்தின் கதையை. 1684இல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். கணவன் போன வழியில் கிறிஸ்தியானாள் தன் நான்கு பையன்களோடும் அண்டைவீட்டு இளம்பெண் ஒருத்தியோடும் கிளம்புகிறாள். முதல் பாகத்தில் காதைப் பொத்திக்கொண்டு தனியாக ஓடியவனின் கதை. இதில் ஒரு கூட்டமே சேர்ந்து நடக்கிறது. வழிகாட்ட ஒரு வீரர் வருகிறார். பையன்களில் ஒருவனுக்குத் தின்னக்கூடாத பழத்தால் வயிற்றுவலி வருகிறது, வைத்தியர் வருகிறார். வழியிலேயே பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடித்துக்கொள்கிறார்கள். ஊன்றுகோலில் நடப்பவர் ஒருவர், மனத்தெம்பு இல்லாதவர் ஒருவர், எதற்கெடுத்தாலும் அஞ்சும் ஒரு பெண் என்று வழியில் சேர்ந்துகொண்டே போகிறார்கள். தன்னால் மற்றவர்களின் நடை தாமதப்படும் என்று தெம்பில்லாதவர் தயங்கும்போது, உம்முடைய வேகத்துக்கே நாங்கள் நடக்கிறோம் என்ற பொருளில் வழிகாட்டி சொல்கிறார். அவர்கள் போகும் வழியில் சந்தேகக் கோட்டை இடித்துத் தள்ளப்படுகிறது. கடைசி ஆற்றில், எப்போதும் அஞ்சிக்கொண்டிருந்த அந்தப் பெண் பாடிக்கொண்டே இறங்குகிறாள்.

சிறையிலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகள் சபையை மேய்த்தபின் எழுதிய பாகம் இது. நொண்டிகளையும் பயந்தவர்களையும் வீடுவீடாகச் சந்தித்த போதகரின் கை இதில் தெரிகிறது. நான்கு பிள்ளைகளைக் காட்டி நீதிபதிகளிடம் வாதாடிய எலிசபெத்தும் இதற்குள் இருக்கிறார் என்பது என் நம்பிக்கை. நான்கு பையன்களின் கைபிடித்து வழிநடக்கும் தாயை எழுதும்போது பன்யன் வேறு யாரை நினைத்திருப்பார்? சீஷத்துவம் தனியாளின் வீரம் என்றே நம் பிரசங்கங்கள் பழகிவிட்ட காலத்தில், கிருஷ்ணபிள்ளை பாடாமல் விட்ட இந்தப் பாகத்தைத் தமிழ்ச் செய்யுளில் பாட ஒரு புலவர் எழும்பவேண்டும். அது திருநெல்வேலிச் சபைப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.